மைக்ரோலைட் டேங்கில் எதை ஊற்றுவது: இ20, 100 ஆக்டேன், ஏவ்கேஸ்

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று எந்த ஊர் பங்கில் நின்றாலும் இன்று குழாயில் வருவது இ20 பெட்ரோல்தான். அதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் அதுவே சாதாரணப் பெட்ரோல் ஆகிவிட்டது. "பைக்குக்கு ஊற்றுகிறோமே, மைக்ரோலைட்டுக்கு ஊற்றினால் என்ன?" என்று அந்தச் சிறு இலகுரக விமானம் வைத்திருப்பவர் கேட்பது நியாயமானதுதான். ஆனால் ஓசூரிலேயே தயாராகும் புது பைக்குகளில் இ20-ஐத் தாங்கும் ஹோஸ் இருக்கிறது. புகையில் எஞ்சும் ஆக்சிஜனை அளந்து கலவையைத் திருத்திக்கொள்ளும் இன்ஜெக்‌ஷன் இருக்கிறது. மைக்ரோலைட்டில் இருப்பது பெரும்பாலும் பிங் நிறுவனத்தின் கார்புரேட்டர், காற்றில் பெட்ரோலைக் கலக்கும் எளிய கருவி. டேங்கில் என்ன ஊற்றினார்கள் என்று அதற்குத் தெரியாது.

நம் முன் இருப்பவை மூன்று: பங்கில் கிடைக்கும் இ20, எண்ணெய் நிறுவனங்கள் தனியாக விற்கும் 100 ஆக்டேன் பெட்ரோல், விமானத்துக்கென்றே வரும் ஏவ்கேஸ் 100 எல்எல் ('லோ லெட்', அதாவது ஈயம் குறைவாகக் கலந்தது). எஞ்சின் இரண்டை எடுத்துக்கொள்வோம்: ரோட்டாக்ஸ் நிறுவனத்தின் 582 டூ-ஸ்ட்ரோக், 912 ஃபோர்-ஸ்ட்ரோக்.

கிடைப்பதில் இ20-ஐ அடிக்க ஆளில்லை. 100 ஆக்டேன் எல்லா பங்கிலும் இருக்காது. ஓசூர்க்காரர் பெங்களூரு பக்கம் போய்த்தான் பிடிக்க வேண்டியிருக்கும். ஏவ்கேஸ் முன்பு வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் தன் வதோதரா ஆலைத் தயாரிப்பை அறிமுகப்படுத்தியது. விலை கூடுதல். பீப்பாயாக வாங்கி வைப்பதென்றால் இன்னொரு சிக்கலும் வரும். பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாத 'ஏ' வகுப்புப் பெட்ரோலியத்தை (பெட்ரோல், ஏவ்கேஸ் போல எளிதில் தீப்பற்றுவது) உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரைதான் வைத்திருக்கலாம். அதுவும் 25 லிட்டருக்கு மிகாத உலோகக் கேனில். 912 பொருத்திய வண்டியின் டேங்கே பல சமயம் 60 லிட்டருக்கு மேல் பிடிக்கும். ஆகவே ஏவ்கேஸ்தான் வேண்டும் என்பவர் கிடங்கு உரிமத்துக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். பிளாஸ்டிக் கேனில் வாங்கிவந்து ஷெட்டில் அடுக்குவது சட்டத்துக்கும் ஆகாது, நிலைமின்சாரத்துக்கும் ஆகாது.

ஊற்றும் முன் ஒரு சோதனை

100 ஆக்டேன் பெட்ரோலில் எத்தனால் இல்லை என்று சொல்வார்கள். சொன்னதை நம்பி ஊற்றக்கூடாது. 100 மி.லி. அளவுக் குழாயில் முதலில் 10 மி.லி. தண்ணீர், அதன்மேல் 90 மி.லி. பெட்ரோல். வாயை மூடி ஒரு நிமிடம் குலுக்கி, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர்க் கோடு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. எத்தனால் பெட்ரோலை விட்டு இறங்கித் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும் என்பதால், இருந்தால் கோடு மேலே ஏறும். 19-ஐ ஒட்டி நின்றால் ஏறத்தாழ 10 சதவீதம். 27, 28-க்குப் போனால் அது இ20. ஒவ்வொரு கேனுக்கும் இதைச் செய்ய வேண்டும். பங்கில் டேங்கர் மாறினால் சரக்கும் மாறலாம்.

ஹோஸும் டேங்கும்

இ20 முதலில் கை வைப்பது இங்கேதான். ரோட்டாக்ஸ் 912 வரிசைக்குத் தயாரிப்பாளர் அனுமதிக்கும் எத்தனால் 10 சதவீதம் வரைதான். எனவே இ20-ஐ நேராக ஊற்றுவது கையேட்டுக்கே புறம்பு. கையேட்டை ஓரமாக வைத்துவிட்டுப் பொருளை மட்டும் பார்த்தாலும் நிலைமை நல்லதாக இல்லை.

பழைய மைக்ரோலைட்டுகளில் நீல நிற பாலியூரிதேன் குழாய் அதிகம். உள்ளே பெட்ரோல் ஓடுவது தெரியும், விலையும் மலிவு. ஆனால் சில மாதத்தில் விறைத்துவிடும். விறைத்த குழாய் நிப்பிளைப் பிடிக்காது. எஞ்சின் சூட்டில் சற்று இளகும்போது கழன்றும் வரும். பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்தில் இது நடந்தால் சொட்டுகூட ஒழுகாது. காற்றை மட்டும் இழுக்கும். தரையில் ஒன்றும் தெரியாமல், மேலே ஏறும்போது எஞ்சின் திணறுவதற்கு இது ஒரு காரணம். சாதாரண நைட்ரைல் ரப்பர் ஹோஸ் எத்தனாலில் ஊறி உப்பும், வெளியே நன்றாக இருப்பதுபோலவே தெரியும், உள் தோல் உரியும். உரிந்த தோல் குழாய்க்குள் மடல்போல நின்று, ஓட்டம் கூடும்போது தானே மூடிக்கொள்ளும். ஐடிலில் எந்தக் குறையும் இருக்காது, முழு த்ராட்டிலில்தான் பட்டினி.

ஓசூர் சிப்காட்டைச் சுற்றி வாகன உதிரிபாகக் கடைக்குப் பஞ்சமில்லை. அங்கே ஹோஸ் வாங்கும்போது "பெட்ரோல் ஹோஸ்" என்று மட்டும் கேட்காமல், மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று இருக்க வேண்டும். உள் அடுக்கு ஃப்ளோரோ ரப்பர், எத்தனாலைத் தாங்கும். கிளாம்ப்பிலும் பல் வெட்டிய பட்டை வேண்டாம், அது ரப்பரைச் சீவிவிடும். ஓரம் மடித்த இன்ஜெக்‌ஷன் கிளாம்ப் போடுங்கள். 912-ல் எரிபொருள் ஹோஸுக்கும் கார்புரேட்டரின் ரப்பர் சவ்வான டயாஃப்ரத்துக்கும் ஆயுள் 5 ஆண்டு. எத்தனால் கலந்ததை ஊற்றுபவர் அந்த 5 ஆண்டை நம்பாமல் ஆண்டுக்கு ஒருமுறை ஹோஸ் முனையில் ஒரு அங்குலம் வெட்டி, நீளவாக்கில் பிளந்து உள்ளே நகத்தால் கீறிப் பார்க்கட்டும். நகத்தில் கறுப்பு ஒட்டினால் முழு ஹோஸும் மாற வேண்டும்.

டேங்க் ஃபைபர்கிளாஸ் என்றால் இ20 பற்றிய பேச்சே வேண்டாம். பழைய ரெசினை எத்தனால் இளக்கும். இளகியது பிசினாக ஜெட்டில், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளையில், போய் உட்காரும். பாலிஎத்திலீன் டேங்க் பிழைத்துக்கொள்ளும். அலுமினிய டேங்கில், எத்தனால் இழுத்துவந்த தண்ணீர் அடியில் தங்கி வெள்ளைப் பொடியாக அரிக்கும். 100 ஆக்டேனும் ஏவ்கேஸும் இந்த விஷயத்தில் சாதுவானவை.

மிதக்காத மிதவை

912-ன் பிங் 64 கார்புரேட்டர் ஒவ்வொன்றின் அடிக் கிண்ணத்திலும் இரண்டு மிதவைகள், கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோல் வரவை நிறுத்துபவை. இவை பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துப்போவது தெரிந்த சிக்கல். எந்த எரிபொருளிலும் வரும். ஒரு கிண்ணத்து ஜோடி 7 கிராமைத் தாண்டக்கூடாது. அடையாளங்கள்: குறைந்த ஆர்பிஎம்மில் முரட்டு ஓட்டம், ஒரு பக்கப் பிளக் மட்டும் கறுப்பு, கார்புரேட்டர் மூச்சுக்குழாயில் ஈரம். அந்த ஈரம் சைலன்ஸர் மேல் சொட்டினால் தீ. சொட்டுத்தட்டும் அதன் வடிகுழாயும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எடை பார்க்க நகைக்கடைத் தராசு போதும், 0.01 கிராம் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு இன்று எங்கும் கிடைக்கிறது. மிதவையைத் துடைத்துக் காயவைத்த பிறகுதான் நிறுக்க வேண்டும், ஈரத்தோடு நிறுத்தால் நல்லதும் தவறாகத் தெரியும்.

வெயிலும் உயரமும்

ஓசூர் ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி. அங்கிருந்து இன்னொரு 3,000 அடி ஏறினால் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும். ஏவ்கேஸின் ஆவியழுத்தம் 38 முதல் 49 கிலோபாஸ்கலுக்குள் கட்டுப்பட்டது. பங்க் பெட்ரோல் அதைவிட எளிதில் ஆவியாகும். சித்திரை வெயிலில் தர்மபுரி ஓரத்தில் இறங்கி, எஞ்சினை நிறுத்தி இருபது நிமிடம் கழித்து மீண்டும் கிளப்புவதுதான் மோசமான நேரம். பேனட்டுக்குள் சூடு தேங்கி, பம்ப்பிலும் குழாயிலும் பெட்ரோல் குமிழியாகிவிடும்.

இந்த ஒரு விஷயத்தில் ஏவ்கேஸ் தெளிவாக மேல். பெட்ரோலில் ஓட்டுபவர் அமைப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மின்பம்ப் டேங்குக்கு அருகில், தாழ்வாக இருக்கட்டும். தள்ளும் குழாயில் ஆவி கட்டுவது குறைவு, உறிஞ்சும் குழாயில் அதிகம். எஞ்சின் பக்கக் குழாய்க்கு வெப்ப உறை போடுங்கள். 912-ல் டேங்குக்குத் திரும்பும் குழாய் அடைபடாமல் இருக்க வேண்டும், அதிலுள்ள 0.35 மி.மீ. துளை கொண்ட ஜெட்தான் குமிழியை வெளியே அனுப்புகிறது. பம்ப் மாற்றும்போது அந்தச் சிறு ஜெட் பழைய இணைப்பியோடு குப்பைக்குப் போய்விடுவது உண்டு, எடுத்து வையுங்கள். எரிபொருள் அழுத்தமானி 0.15 பார் அளவுக்குக் கீழே காட்டினால் புறப்பட வேண்டாம். சூட்டில் கிளப்பினால் மின்பம்ப்பைப் போட்டு, குமிழி போகும்வரை ஓட்டி, பிறகு முழு த்ராட்டிலில் அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டே ஓடுதளத்தில் ஏறுங்கள்.

582-க்குத் தனிக் கணக்கு

582-ன் பிங் 54 கார்புரேட்டரில் மெயின் ஜெட் நிலையானது. பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும், இ20-க்கு 13.5 போதும். ஜெட்டை மாற்றாமல் இ20 ஊற்றினால் கலவை சுமார் 8 சதவீதம் மெலிகிறது. ஓசூர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் கலவை தானாகச் சற்றுக் கெட்டிப்படும் என்பது உண்மை. ஆனால் அது பாதியைத்தான் ஈடுகட்டும். அங்கே சரியாக ஓடியது என்று நம்பி, 1,500 அடியில் இருக்கும் தர்மபுரியில் மார்கழிக் காலைக் குளிரில் முழு த்ராட்டில் கொடுத்தால் புகைச் சூடு 650 டிகிரி எல்லையை நோக்கி ஓடும். டூ-ஸ்ட்ரோக்கில் மெலிந்த கலவைக்கு அடுத்த கட்டம் பிஸ்டன் பிடிப்பு. 582-ல் இ20 வேண்டவே வேண்டாம். ஜெட்டை மாற்றிச் சமாளிக்கலாம் என்பதும் வீண் வேலை.

582-க்கு 100 ஆக்டேன் முதலிடம், ஏவ்கேஸ் இரண்டாமிடம். ஏவ்கேஸின் ஈயம் பிளக்கிலும் பிஸ்டன் வளையப் பள்ளத்திலும் படியும் என்பதுதான் இந்த வரிசைக்குக் காரணம். ஆயில் கலவை 50:1, அதாவது 20 லிட்டருக்கு 400 மி.லி. கலந்து வைத்ததை இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். எஞ்சினின் அழுத்தத் துடிப்பில் ஓடும் பல்ஸ் பம்ப்பின் டயாஃப்ரத்தை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பல்ஸ் குழாய் குட்டையாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். பம்ப்பில் பல்ஸ் முனை கீழ்நோக்கி நிற்கட்டும், இல்லாவிட்டால் ஆயில் தேங்கித் துடிப்பின் வலு குறையும்.

ஏவ்கேஸுக்கான கூலி

912-ல் ஏவ்கேஸ் ஊற்றினால் எரிபொருள் பக்கம் நிம்மதி, ஆயில் பக்கம் வேலை. ஓடும் நேரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் ஈயம் கலந்த பெட்ரோல் என்றால், 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஆயிலை 50 மணி நேரத்திலேயே மாற்ற வேண்டும். 25-க்கு மாற்றினால் இன்னும் நல்லது. ஆயில் டேங்க் அடியில் சாம்பல் நிறக் களிம்பு சேரும், கழற்றிக் கழுவ வேண்டும். முழு சிந்தெடிக் ஆயில் ஈயத்தைத் தாங்கி நிற்காது. செமி சிந்தெடிக் போடுங்கள். கியர்பாக்ஸிலும் இதே ஆயில்தான் ஓடுகிறது என்பதால் களிம்பு கிளட்ச்சுக்கும் போகும்.

அதனால் 912 வைத்திருப்பவருக்கு, சோதித்துப் பார்த்த 100 ஆக்டேன் பெட்ரோல் ஆண்டு முழுவதற்கும். பங்குனி முதல் வைகாசி வரை வெயிலில் அதிகம் பறப்பதென்றால் அப்போது மட்டும் ஏவ்கேஸ். 100 ஆக்டேன் கிடைக்காத நாளில் இ20-யும் ஏவ்கேஸும் பாதிப் பாதி கலந்தால் எத்தனால் 10 சதவீதத்துக்கு இறங்கும், எல்லைக்குள் வரும். ஆனால் அந்த நேரத்தையும் மேலே சொன்ன 30 சதவீத ஈயக் கணக்கில் எழுத வேண்டும். கேனில் கலந்து, அளவுக் குழாயில் சோதித்த பிறகே டேங்கில் ஊற்றுங்கள். டேங்கில் கொட்டிக் கலப்பது அளவில்லாத வேலை.

தண்ணீர், தூசி, குளவி

எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். பகலில் கண்ணுக்குத் தெரியாது. ஓசூரின் டிசம்பர் இரவுக் குளிரில், தாங்கும் அளவைத் தாண்டிய தண்ணீர் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் பிரிந்து நிற்கும். மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேனும் இறங்கிவிடும். கரைந்த தண்ணீரை வடிகட்டப் பயன்படும் ஷாமாய் தோலோ புனல் வலையோ பிடிக்காது. வாரக்கணக்கில் பறக்காமல் நிறுத்துவதென்றால் எத்தனால் கலந்ததை முழுக்க வடித்துவிடுங்கள். ஏவ்கேஸ் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும்.

கிருஷ்ணகிரியைச் சுற்றி கிரானைட் வேலை நடக்கும் பக்கம், வெள்ளைத் தூசி டேங்க் மூடி ஓரத்தில் படிந்திருக்கும். திறக்கும் முன் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பம்ப்புக்கு முன் 0.1 மி.மீ. வலை ஃபில்டர் போதும். கார்களுக்கான காகித ஃபில்டர் தண்ணீர் பட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும்.

டேங்க் மூச்சுக்குழாயில் குளவி மண்கூடு கட்டுவது நம் ஊரில் சாதாரணம். காற்று உள்ளே போகாமல் டேங்கில் வெற்றிடம் கட்டும். புறப்படும்போது நன்றாக இருந்து, சற்று நேரத்தில் எஞ்சின் நிற்கும். வண்டி நிற்கும்போது குழாய் வாயில் சிவப்புத் துணிக் கொடியோடு ஒரு மூடி, பறக்கும் முன் வாயால் ஊதிப் பார்ப்பது, இரண்டும் பழக்கமாக வேண்டும்.

ஓட்ட அளவு ஆண்டுக்கு ஒருமுறை: கார்புரேட்டரில் ஹோஸைக் கழற்றி, வண்டியின் மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி, டேங்கில் மிகக் குறைவாக வைத்து மின்பம்ப்பை ஓட்டுங்கள். 912 வரிசையில் யுஎல்எஸ் வகை புறப்படும்போது மணிக்கு 27 லிட்டர் குடிக்கும். அதற்கு 125 சதவீதம் என்றால் நிமிடத்துக்கு 560 மி.லி. கேனில் விழ வேண்டும்.

எரிபொருளை மாற்றுகிறவர் ஒன்றைக் கவனிக்கட்டும். முன்பு எத்தனால் இல்லாமல் ஓடிய டேங்கில் எத்தனால் கலந்தது போனதும், பல ஆண்டாக ஒட்டியிருந்த கசடு கரைந்து கிளம்பும். முதல் இரண்டு டேங்க் வரை ஓடுதளத்தைச் சுற்றியே பறந்து, ஒவ்வொரு டேங்க் முடிந்ததும் ஃபில்டரையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் திறந்து பாருங்கள். கிண்ணத்தின் அடியில் கறுப்புத் துகள் இருந்தால் ஹோஸ், பழுப்புப் பிசின் இருந்தால் டேங்க்.