ஜீரோ 2000: தேக்கில் இழைத்த பின்ஹோல் கேமரா

ஹாங்காங்கில் ஸெர்னிக் ஆவ் தொடங்கிய ஜீரோ இமேஜ் பட்டறையிலிருந்து வந்த கேமராக்களில் அதிகம் அறியப்பட்டது 2000. தேக்கும் பித்தளையும்தான் உடம்பு. லென்ஸ் கிடையாது, வியூஃபைண்டர் கிடையாது, பேட்டரி கிடையாது. முன்பக்கம் 0.18 மி.மீ. விட்டத்தில் ஒரு துளை. அதற்கு 25 மி.மீ. பின்னால், முதுகுத்தாளோடு சுருட்டி வரும் அகலமான 120 ஃபிலிம். ஒரு ரோலில் ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் சதுரமாக 12 படங்கள். இருபத்தைந்தை 0.18ஆல் வகுத்தால் 138 சொச்சம் வருகிறது. இந்தக் கேமராவுக்கு இருக்கும் ஒரே அபர்ச்சர், அதாவது ஒளி புகும் திறப்பின் அளவு, அந்த எஃப்/138தான்; எண் பெரிதாக ஆகப் புகும் ஒளி குறையும்.

இதன் அருமையும் தொல்லையும் இந்த இரண்டு அளவுகளிலிருந்தே வருகின்றன. அவற்றைப் புரிந்துகொள்ளாமல் வாங்கியவர்கள் இரண்டு ரோலோடு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். நல்ல கருவி அப்படிக் கிடப்பது வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் பார்வைக் கோணம். ஃபிலிமில் படம் விழும் அகலம் 56 மி.மீ. துளையின் தூரம் 25 மி.மீ. கணக்குப் போட்டால் இடமிருந்து வலமாக ஏறக்குறைய 96 பாகை, அதாவது செங்கோணத்தைவிடக் கூடுதல். இதை மனதில் வைக்க ஒரு எளிய வழி உண்டு. பொருளுக்கும் கேமராவுக்கும் உள்ள தூரத்தை இரண்டேகாலால் பெருக்குங்கள், அந்த அகலம் படத்துக்குள் வரும். ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் இரண்டேகால் மீட்டர், பத்து மீட்டர் தள்ளி வைத்தால் இருபத்திரண்டரை மீட்டர். கோபுரத்தைத் தெருக்கோடியிலிருந்து எடுத்தால் நெகட்டிவில் அது நகக்கண் அளவுக்குத்தான் இருக்கும், மிச்சமெல்லாம் வானமும் தார்ச்சாலையும். கேமராவைத் தரையில் வைத்து, படிக்கல்லோ உரலோ ஒரு சாண் முன்னால் இருக்கும்படி எடுங்கள். அப்போதுதான் இந்தக் கோணம் வேலைசெய்யும். துளைக்கு ஃபோகஸ் என்று ஒன்று இல்லாததால் ஒரு சாணில் இருப்பதும் ஒரு மைலில் இருப்பதும் கிட்டத்தட்ட ஒரே அளவு தெளிவோடு விழும்.

வியூஃபைண்டர் இல்லை என்று பயப்பட வேண்டாம். இவ்வளவு அகலக் கோணத்தில் குறி தவறுவது குறைவு. தவறுவது மட்டம்தான். பெட்டி லேசாக மேல்நோக்கிச் சாய்ந்தாலும் தூண்களெல்லாம் உள்நோக்கிச் சரியும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தின் சிறிய வகை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதைப் பெட்டியின் தலையில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிலிம் தட்டையாக இருப்பதால் நேர்கோடுகள் நேராகவே விழும். ஆனால் ஓரத்தில் நிற்கும் ஆளின் முகம் பூசணிக்காய் போல இழுபடும். மனிதர்களை நடுவில் நிறுத்துங்கள்.

அடுத்தது மூலை இருட்டு. ஃபிலிமின் நடுவைவிட மூலைகள் துளையிலிருந்து வெகுதூரம். போதாக்குறைக்கு, அங்கிருந்து பார்த்தால் வட்டத் துளை ஒடுங்கிய நீள்வட்டமாகத் தெரியும், ஒளியும் சாய்ந்து விழும். எல்லாம் சேர்ந்து பக்க ஓரங்களில் இரண்டேகால் ஸ்டாப்பும் மூலைகளில் மூன்றரை ஸ்டாப்புக்கு மேலும் ஒளி குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). இது தயாரிப்பில் வந்த குறை அல்ல. தட்டை ஃபிலிமும் 25 மி.மீ. தூரமும் சேர்ந்தால் எந்தப் பெட்டியிலும் இப்படித்தான் வரும். நெகட்டிவ் ஃபிலிமாக இருந்தால் ஒரு ஸ்டாப் கூடுதலாகக் காட்டி மூலைகளைக் கொஞ்சம் மீட்கலாம். ஸ்லைடு ஃபிலிம் இதற்குத் தோதுப்படாது, பணம்தான் வீண். நிழலான பொருளை மூலையில் வைக்காமல் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ மூலைக்குத் தள்ளினால் இருட்டு உறுத்தாது.

எக்ஸ்போஷருக்கு, அதாவது ஃபிலிமில் எவ்வளவு நேரம் ஒளி விழ வேண்டும் என்று அளக்க, தனி மீட்டர் வேண்டாம். செல்போனில் ஒரு லைட் மீட்டர் ஆப் போதும். அதில் எஃப்/22 வைத்து அளந்து, வரும் நேரத்தை 40ஆல் பெருக்குங்கள். மர நிழலில் கால் விநாடி காட்டினால் இங்கே பத்து விநாடி. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு எண்) 100 உள்ள ஃபிலிமுக்கு முக்கால் விநாடிதான் வரும். அதுதான் கஷ்டம், ஏனென்றால் ஷட்டர் என்பது விரலால் தள்ளித் திறக்கும் ஒரு சிறு மூடி, அவ்வளவே. முக்கால் விநாடியை விரலால் துல்லியமாக எடுக்க முடியாது. அதோடு தள்ளும் அதிர்ச்சியே பாதி நேரத்தைத் தின்றுவிடும். வெயில் நேரத்துக்கு ஐஎஸ்ஓ 50 உள்ள இல்ஃபோர்டு பான் எஃப் பிளஸ் ஃபிலிம் போட்டால் ஒன்றரை விநாடி கிடைக்கும். அல்லது மூன்று ஸ்டாப் குடிக்கும் சிவப்பு ஃபில்டரைத் துளைக்கு முன்னால் வைத்தால் ஐஎஸ்ஓ 125 உள்ள எஃப்பி4 பிளஸ் ஃபிலிமிலும் ஐந்து விநாடிக்குப் போகலாம், வானமும் அழகாகக் கறுக்கும். ஃபில்டரை விரலால் பிடிக்காதீர்கள், 96 பாகைக்குள் விரல் நுனி கட்டாயம் விழும். நான்கு மூலையிலும் சிறு துண்டு டேப் ஒட்டுங்கள். ஃபில்டரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். லென்ஸ் கேமராவில் தெரியாத தூசி இதில் படத்திலேயே பதிந்துவிடும்.

நேரம் ஒரு விநாடியைத் தாண்டினால் ஃபிலிமும் சோம்பேறியாகிவிடும். இதைக் கணக்கில் சேர்க்காததால்தான் முதல் ரோல் பலருக்கும் வெளிறி வருகிறது. இல்ஃபோர்டு தன் ஃபிலிம்களுக்கு ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறது. அளந்த நேரத்தை எஃப்பி4 பிளஸுக்கு 1.26 அடுக்குக்கும், எச்பி5 பிளஸுக்கு 1.31 அடுக்குக்கும் உயர்த்த வேண்டும். எஃப்பி4இல் பத்து விநாடி பதினெட்டாகும், முப்பது எழுபத்துமூன்றாகும், அறுபது நூற்று எழுபத்துநான்காகும். இந்த மூன்று எண்களையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டால் போதும், இடைப்பட்டதை ஊகிக்கலாம். ஃபியூஜியின் ஏக்ரோஸ் 100 இரண்டாம் பதிப்பு 120 விநாடி வரை எந்தத் திருத்தமும் கேட்பதில்லை. எஃப்பி4 மூன்று நிமிடம் கேட்கும் அதே இருட்டு மண்டபத்தில் ஏக்ரோஸ் ஒன்றேகால் நிமிடத்தில் முடித்துவிடும், ஐஎஸ்ஓ எண் அதைவிடக் குறைவாக இருந்தும். உள்ளரங்கில் எடுப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை அதுதான். கிடைக்காவிட்டால் ஐஎஸ்ஓ 400 உள்ள எச்பி5, அதே மண்டபத்தில் முக்கால் நிமிடம்.

ஷட்டர் அதிர்ச்சிக்கு ஒரே மருந்து கறுப்பு அட்டை. பெட்டியை டிரைபாடில் இறுக்குங்கள். அட்டையைத் துளைக்கு ஒரு அங்குலம் முன்னால், பெட்டியில் படாமல் பிடியுங்கள். மூடியைத் திறந்து மூன்று வரை எண்ணுங்கள், ஆட்டம் நிற்கட்டும். பிறகு அட்டையை எடுத்து நேரத்தை எண்ணுங்கள். முடிந்ததும் முதலில் அட்டை, பிறகு மூடி. ஐந்து விநாடிக்கு மேற்பட்ட படங்களுக்கு இது அவசியமில்லை. அதற்குக் கீழே இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

ஃபிலிம் ஏற்றுவது எளிது, சுற்றுவதில்தான் ஏமாறுவார்கள். பின்பக்கச் சிவப்பு ஜன்னலில் ஃபிலிமின் முதுகுத்தாளில் அச்சிட்ட எண்ணைப் பார்த்துச் சுற்ற வேண்டும். இந்தக் கேமரா தானாக நிற்காது. எண் 1 வருவதற்கு முன் புள்ளிகளோ கோடுகளோ வரும், அப்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். தாண்டிவிட்டால் பின்னோக்கிச் சுற்றாதீர்கள். ஃபிலிம் தளர்ந்து நடுவில் உப்பும், உப்பிய இடத்தில் படம் வளையும். கோடாக்கின் முதுகுத்தாளில் எண்கள் மங்கலாக இருப்பதால் சிவப்புக் கண்ணாடி வழியாகத் தெரிவது கடினம். நிழலுக்குப் போய்ச் செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள், நேராக அடிக்க வேண்டாம். இன்றைய ஃபிலிம்கள் சிவப்பு ஒளியையும் பார்க்கக்கூடியவை. ஆகவே எண்ணைப் பார்த்ததும் ஜன்னல்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். சுற்றும்போது மறுபக்கத் திருகை இன்னொரு கையால் லேசாகப் பிடித்து வைத்தால் ரோல் இறுக்கமாக ஏறும். தளர்வாக ஏறிய ரோலை வெளியே எடுக்கும்போது ஓரங்களில் ஒளி புகுந்து, படத்தின் விளிம்பில் கறைகறையாகத் தெரியும். இதைப் பார்த்துவிட்டுப் பெட்டிதான் கசிகிறது என்று பலர் பழி போடுகிறார்கள். உண்மையில் கசிவா என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. பெட்டிக் கசிவாக இருந்தால் கறை ஒவ்வொரு படத்திலும் ஏறக்குறைய ஒரே இடத்தில், படச் சட்டத்தோடு சேர்ந்து வரும். ரோல் தளர்வாக இருந்தால் சட்டங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்திலும் பரவியிருக்கும், ரோலின் கடைசிப் பக்கம் மோசமாக இருக்கும்.

படம் எடுத்ததும் சுற்றுவதா, அடுத்த படத்துக்கு முன் சுற்றுவதா என்பதை ஒரே பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைப் பதிவைத் தடுக்கும் பூட்டு எதுவும் இதில் இல்லை. எடுத்த உடனே சுற்றுவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

தெளிவு எவ்வளவு? 0.18 மி.மீ. துளை ஃபிலிமில் கிட்டத்தட்ட அதே அளவுப் பொட்டாகவே ஒவ்வொரு புள்ளியையும் வரைகிறது. 56 மி.மீ. அகலத்தில் ஏறக்குறைய 300 பொட்டுகள்தான் அடங்கும். அதனால் 4800 டிபிஐயில் ஸ்கேன் செய்து வாங்குவது காசுக்குக் கேடு. 1200 போதும். பிரின்ட் எட்டு அங்குலச் சதுரம் வரை அருமையாக இருக்கும். அதைத் தாண்டினால் தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

துளையைத் துணியால் துடைக்கவே கூடாது, நார் ஒன்று சிக்கினால் ஒவ்வொரு படத்தின் கூர்மையும் போகும். ரப்பர் ஊதியால் உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஊதுங்கள். கடலோர ஊரில் பித்தளை சீக்கிரம் கறுக்கும், அதனால் படத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. பளபளப்பாக்க பிராஸோ போடுபவர்கள் துளைத் தகட்டின் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள், வெள்ளைப் பொடி அடைத்துக்கொள்ளும். தேக்கு ஈரத்தில் அதிகம் ஊதாத மரம் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஃபிலிமைத்தான் ஈரம் தாக்கும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

வீட்டில் கழுவுபவர்களுக்கு: எஃப்பி4 பிளஸ், ஐடி-11 டெவலப்பர் ஒன்றுக்கு ஒன்று நீர் கலந்து, 20 பாகை செல்சியஸில் 11 நிமிடம். சென்னைக் குழாய்த் தண்ணீர் 30ஐத் தொடும்போது நேரம் மிகவும் சுருங்கி டெவலப் திட்டுத்திட்டாக வரும். வானம் நிறைந்த பின்ஹோல் படத்தில் அந்தத் திட்டு உடனே கண்ணில் படும். கெமிக்கல் பாட்டில்களை ஐஸ் போட்ட பக்கெட்டில் வைத்து 20க்கு இறக்குங்கள். ஃபிலிம் கழுவும் தொட்டியையும் அதே தண்ணீரில் நிறுத்துங்கள்.

பழைய கேமரா வாங்குவதென்றால் துளையை ஃபிளாட்பெட் ஸ்கேனரில் வைத்து 2400 டிபிஐயில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். விட்டம் 17 பிக்சல் இருக்க வேண்டும், ஓரம் வட்டமாக, பிசிறில்லாமல். முடிந்தால் இருட்டறையில் உள்ளே டார்ச்சை வைத்து மூடி, மூட்டுகளில் வெளிச்சம் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவு செலவுக்குத் தயாரில்லாதவர்கள் முதலில் தீப்பெட்டியில் செய்து பாருங்கள். குளிர்பான கேனின் அலுமினியத் துண்டில் மெல்லிய ஊசி முனையால் அழுத்தி, மேட்டை 600ஆம் நம்பர் உப்புத்தாளில் தேய்த்தால் 0.2 மி.மீ.க்குப் பக்கத்தில் வந்துவிடும். 35 மி.மீ. ஃபிலிமில் 24 மி.மீ. சதுரப் படத்துக்கு, ஃபிலிமின் ஓரத்திலுள்ள பல்லோட்டைகளில் ஆறு கடக்கும் அளவுக்கு நகர்த்த வேண்டும். அதில் ஒரு ரோல் எடுத்துப் பிடித்திருந்தால் மட்டும் ஜீரோவுக்குப் போங்கள். தீப்பெட்டியில் ஒளி கசியாமல் காப்பது பெரும்பாடு. இந்தத் தேக்குப் பெட்டியில் அந்தக் கவலை இல்லை, கொடுக்கும் பணமும் பெரும்பாலும் அதற்குத்தான்.

2001 முதல் ஏப்ரல் கடைசி ஞாயிறு உலக பின்ஹோல் நாள். அன்று எடுத்த ஒரு படத்தை அந்த நாளுக்கான இணையதளத்துக்கு யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். அதற்கு வாங்குவதாக இருந்தால் மார்ச்சுக்குள் வாங்கி, ஒரு ரோலைச் சோதனைக்கே ஒதுக்குங்கள்: நிழலான ஒரே காட்சி, கணக்கில் வந்த நேரம், அதன் பாதி, இரண்டு மடங்கு, நான்கு மடங்கு. இதையே வெயிலிலும் உள்ளரங்கிலும் திருப்பிச் செய்தால் 12 படமும் தீர்ந்துவிடும்.