ரங்கூன் கடனும் செக்காலை ரோட்டு நகைக்கடனும்

காரைக்குடி செக்காலை ரோட்டில் நகைக்கடன் பலகைக்குப் பஞ்சமில்லை. மாதாமாதம் கட்ட வேண்டாம், வட்டியும் முதலும் 12-ஆம் மாதம் மொத்தமாக என்கிற ஒரே தவணைக் கடன்தான் இங்கே பார்க்கப்போகும் சரக்கு. பர்மாவில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கொடுத்த கடன் 1930-இல் வராமல் போனதை நினைத்து, "1930 திரும்பிடுமோ" என்று கவலைப்படுகிறவர்கள் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

பர்மாவில் நகரத்தார் கொடுத்த கடனுக்கு ஈடு பெரும்பாலும் நெல் வயல். 1930-இல் நெல் விலை சரிந்ததும் கடன் வாங்கியவர் வருமானமும் ஈட்டின் மதிப்பும் சேர்ந்தே விழுந்தன. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் 1930-இல் 6 சதவீத நிலம் இருந்தது; 1937-இல் அது 25 சதவீதம். ஆசைப்பட்டு வாங்கியதல்ல, வராத கடனுக்குத் தலையில் விழுந்தது.

இன்றைய ஈடு வேறு ஜாதி. தொழில் படுத்தாலும் தங்கம் ஏறுகிறது. 2025-இல் 10 கிராம் 1 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆபத்தும் அங்கேதான். விலை ஏற ஏற அதே நகையை மாற்றி வைத்துக் கூடுதலாக வாங்கலாம். 1931 செப்டம்பரில் பிரிட்டன் பணத்தின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் தங்க நாணயத் திட்டத்தைக் கைவிட்டுத் தங்கம் விலை ஏறியபோது, நொடித்த வீடுகளின் நகை விலைக்குப் போய்க் கப்பலேறியது. விற்றவருக்கு வட்டி ஓடவில்லை. இப்போது அடகு வைத்தவருக்கு ஓடுகிறது. விலையும் ஏறிக்கொண்டே இருக்காது: 2013 ஏப்ரலில் இரண்டே வர்த்தக நாளில் உலகச் சந்தையில் சுமார் 13 சதவீதம் இறங்கியது.

இனி கணக்கு. ரிசர்வ் வங்கியின் புது விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். குடும்பச் செலவுக் கடனில் 2.5 லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. ஆனால் ஒரே தவணைக் கடனில் கடைசியில் கட்டும் வட்டியும் இந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். நகை மதிப்பு 2 லட்சம், வட்டி 12 சதவீதம் என்றால் வரம்பு 1,70,000. கையில் வருவது சுமார் 1,51,700. அதாவது 76 சதவீதம்தான். பலகையில் 85 என்று எழுதியிருந்தால் இதைக் கேளுங்கள். மாதாமாதம் வட்டி கட்டும் வேறு சில திட்டங்களில் அது தவறினால் குறைந்த வட்டிச் சலுகை போய், விகிதம் ஏறிவிடும். அதையும் கேட்டுவிடுங்கள்.

எடை போடும் இடத்தில்தான் பழைய நகைக்காரர்கள் ஏமாறுகிறார்கள். கழுத்துரு (நகரத்தார் தாலி) மாதிரிக் கோத்த உருப்படியில் நூல், பழைய நகையில் அரக்கு, கல், எல்லாம் கழிவு. அந்தக் கழிவு நியாயம். ஒட்டுமொத்தமாக "இவ்வளவு போகும்" என்று வாயால் சொல்வது நியாயமில்லை. தரம் பார்க்க உரசும்போது நீங்கள் எதிரில் இருக்க வேண்டும். மொத்த எடை, நிகர எடை, காரட், ஒவ்வொரு கழிவும் எழுதிய சான்றிதழ் உங்களுக்குக் கிடைக்க வேண்டும்.

என் மதிப்பீடு: அறுவடைக்கோ வரவேண்டிய பணத்துக்கோ நாலைந்து மாதம் தாண்ட இது நல்ல கடன். வருஷா வருஷம் புதுப்பிக்க மோசமான கடன். புதுப்பிப்பதற்கும் சேர்ந்த வட்டியைக் கட்டியாக வேண்டும். ஏலம் போனால் முதலில் குறைந்தபட்ச விலை நடப்பு மதிப்பில் 90 சதவீதம், இரண்டு முறை போணியாகாவிட்டால் 85. மிச்சப் பணம் உங்களுடையது. முழுதும் கட்டிய பின் 7 வேலை நாளுக்குள் நகை வர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அவர்கள் தர வேண்டும். மீட்கும்போது அந்தச் சான்றிதழை மேஜையில் வைத்து, அங்கேயே எடை போட்டு வாங்குங்கள்.