கல்லடைப்புக்கு வயிற்று ஸ்கேனா, சி.டி.யா? இரண்டும் பார்த்த வீட்டுக் கணக்கு

கல்லடைப்பு வலியில் துடிப்பவனிடம் எந்தப் படம் எடுப்பது நல்லது என்று கேட்டால், எது பக்கத்தில் இருக்கிறதோ அது என்பான். ராத்திரி இரண்டு மணிக்கு விலாவில் பிடித்து அடிவயிற்றுக்கு இறங்கும் வலி அது. உட்கார்ந்தாலும் விடாது, புரண்டாலும் விடாது. அரை வருட இடைவெளியில் எங்கள் வீட்டில் இரண்டு பேர் அதை அனுபவித்துவிட்டோம். ஆகஸ்டில் எனக்கு, ஜனவரியில் மனைவியின் அண்ணனுக்கு. நான் மண்டபத்தில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன், மச்சான் விசைப்படகில் போகிறவர். நான் ராமநாதபுரத்தில் வயிற்று ஸ்கேன், அதாவது அல்ட்ராசவுண்ட் எடுத்தேன். மச்சான், "எடுக்கிறதே எடுக்கிறோம், பெரிசா எடுத்துருவோம்" என்று நேராக மதுரைக்குப் போய் சி.டி. எடுத்தார்.

எதை எடுப்பது என்று யாராவது கேட்டால் இப்போது நான் முதலில் ஸ்கேன் என்றுதான் சொல்கிறேன். ஆனால் ஊரில் எல்லோரும் நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

விலையை முதலில் முடித்துவிடுகிறேன். எனக்கு 900 ரூபாய் ஆனது. மச்சானுக்குப் படத்துக்கே 4,000, கார் வாடகை தனி. இதில் பேச ஒன்றுமில்லை. அவசரத்தில் விழுந்தவன் கடன் வாங்கியாவது எடுத்துவிடுவான்.

துல்லியம் என்று வந்தால் சி.டி. தான், மழுப்பவே முடியாது. மருந்து ஏற்றாத சாதாரண சி.டி.யில் கல் எந்த மூலையில் இருந்தாலும் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். நூறு பேரில் ஐந்து பேருடைய கல்லைக்கூட அது தவறவிடாது. எக்ஸ்ரேயில் தெரியாத யூரிக் அமிலக் கல்லும் அதில் தெரியும். கல் எவ்வளவு கெட்டி என்பதற்கு ஒரு எண்ணும் கிடைக்கும். வெளியிலிருந்து அதிர்வு கொடுத்து உடைக்கலாமா, குழாய் விட்டு எடுக்க வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்ய அந்த எண் உதவுகிறது. வலி கல்லால் வந்ததே இல்லை, குடல்வால் பிரச்சினை என்றாலும் பெரும்பாலும் அதே படத்தில் தெரிந்துவிடும்.

ஸ்கேனின் பலவீனம் எங்கே என்பதைக் கடற்கரைக்காரனுக்கு விளக்குவது சுலபம். படகில் இருக்கும் எக்கோ சவுண்டர் ஒலியைக் கீழே அனுப்பி, திரும்பி வருவதை வைத்து அடித்தளத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டுகிறது இல்லையா, வயிற்று ஸ்கேனும் அதே வேலைதான். சிறுநீரகத்துக்குள் இருக்கும் கல்லில் ஒலி பட்டுத் திரும்பும், கல்லுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு நிழல் விழும். ஆனால் காற்று இருக்கும் இடத்தில் ஒலி போகாது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயின் நடுப்பகுதி குடலுக்குப் பின்னால் இருக்கிறது. குடலில் எப்போதும் காற்று. கல் அங்கே மாட்டிக்கொண்டால் ஸ்கேன் பார்ப்பவருக்கு சிறுநீரகம் வீங்கியிருப்பது தெரியும், கல் தெரியாமல் போகலாம்.

எனக்கும் முதல் நாள் அதுதான் நடந்தது. வலியோடு ஓடிய அவசரத்தில் சிறுநீர் கழித்துவிட்டுப் போய்ப் படுத்தேன். அந்த மையத்தில் யாரும் கேட்கவும் இல்லை. "வலது சிறுநீரகத்தில் லேசான வீக்கம், கல் தென்படவில்லை" என்று ரிப்போர்ட் வந்தது. அரசு மருத்துவமனை மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு ஊசி போட்டு, மறுநாள் நான்கு டம்ளர் தண்ணீர் குடித்து ஒரு மணி நேரம் அடக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். பை நிறைந்திருந்தால் அதன் வழியாகக் குழாயின் கடைசி முனையைப் பார்க்க முடியுமாம். அங்கேதான் இருந்தது, ஐந்து மில்லிமீட்டர். ஆக, ஸ்கேன் பார்ப்பவர் கையைப் பொறுத்தது, நம் தயாரிப்பையும் பொறுத்தது. சி.டி.க்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

அப்படியானால் எல்லோரும் சி.டி.யே எடுத்துவிடலாமே? 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவில் அவசரப் பிரிவுக்கு வந்த 2,759 பேரை வைத்து இதையே பார்த்தார்கள். மூன்று கூட்டமாகப் பிரித்து, இரண்டு கூட்டத்துக்கு முதலில் ஸ்கேன், ஒன்றுக்கு முதலில் சி.டி. ஸ்கேனில் ஆரம்பித்தவர்களுக்கு ஆபத்தான நோய் எதுவும் கூடுதலாகத் தவறிவிடவில்லை. ஆனால் ரேடியாலஜிஸ்ட், அதாவது படம் பார்ப்பதற்கென்றே படித்த மருத்துவர், ஸ்கேன் பார்த்த கூட்டத்திலேயே நூற்றுக்கு 27 பேருக்குப் பிறகு சி.டி.யும் தேவைப்பட்டது. நான் முதலில் ஸ்கேன் என்று சொல்வதும் இந்த அர்த்தத்தில்தான். சி.டி.யே வேண்டாம் என்று சொல்லவில்லை.

சரி, என் காரணத்துக்கு வருகிறேன். கல்லடைப்பில் முதல் படம் பாதி வேலைதான். இரண்டாவது படம்தான் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறது. நம் ஆட்கள் அந்த இரண்டாவது படத்துக்குத்தான் போவதில்லை.

மச்சானுக்கு ஆறு மில்லிமீட்டர் கல், குழாயின் நடுவில். சி.டி.யில் அச்சடித்த மாதிரி தெரிந்தது. ஐந்துக்குக் கீழே உள்ள கல் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும், பத்தைத் தாண்டினால் அநேகமாக வராது. ஆறு என்பது இரண்டும் கெட்டான். மாத்திரை கொடுத்து, நான்கு வாரம் கழித்துத் திரும்பவும் படம் எடுத்து வாருங்கள் என்று அனுப்பினார்கள். பத்தாவது நாள் வலி நின்றது. அதோடு அவர் கடலுக்குப் போய்விட்டார். நான் இரண்டு தடவை நினைவுபடுத்தினேன். "வலியே இல்ல மாப்ள, கல்லு எப்பவோ போயிருக்கும். இன்னொரு தடவ மதுரைக்குப் போயி நாலாயிரம் கொடுக்கவா?"

வலி நிற்பதும் கல் போவதும் ஒன்றல்ல என்பதுதான் இதில் விஷயமே. அடைப்பு திடீரென்று வரும்போது சிறுநீரகம் விரிந்து வலிக்கிறது. நாள் ஆக ஆக அது பழகிவிடுகிறது, வலி அடங்குகிறது. கல் அங்கேயே இருக்க, பின்னால் தேங்கும் நீர் சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் நசுக்கிக்கொண்டிருக்கும். இன்னொரு சிறுநீரகம் வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டு செய்வதால் ரத்தப் பரிசோதனையில்கூடப் பெரிதாக எதுவும் தெரியாமல் இருக்கலாம். இந்த வீக்கத்தைக் காண சி.டி. தேவையே இல்லை, சாதாரண ஸ்கேன் போதும்.

ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தது. 61 நாள் படகு கரையில். அந்த வாரமே அவரை ராமநாதபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். பதினைந்து நிமிட ஸ்கேன். சிறுநீரகம் நன்றாகவே வீங்கியிருந்தது. மூன்று மாதம் அவருக்கு ஒரு வலியும் இல்லை. அப்புறம் மதுரையில் குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள். அதற்கு முன் இன்னொரு சி.டி. கேட்டார்கள், கல் இப்போது சரியாக எங்கே என்று தெரியாமல் கை வைக்க முடியாது, அதில் நியாயம் இருந்தது. சிறுநீரகம் எவ்வளவு மீண்டிருக்கிறது என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நானோ நான்கு வாரத்தில் லீவு கூடப் போடாமல் போய் வந்தேன். காலையில் பஸ் ஏறி மதியச் சாப்பாட்டுக்கு வேலைக்கு வந்துவிட்டேன். வீக்கம் வடிந்திருந்தது, கல் இல்லை. இடது பக்கம் மூன்று மில்லிமீட்டரில் ஒன்று சும்மா உட்கார்ந்திருப்பதாகவும், வருடம் ஒரு தடவை பார்த்தால் போதும் என்றும் சொன்னார்கள். ஒரு தடவை கல் வந்தவர்களில் சுமார் பாதிப்பேருக்குப் பத்து வருடத்துக்குள் மறுபடி வருகிறது. அப்படியென்றால் இது பலமுறை எடுக்கப்போகிற படம். வயிற்றுக்கு எடுக்கும் வழக்கமான சி.டி.யில் எட்டிலிருந்து பத்து மில்லிசீவர்ட் வரை கதிர்வீச்சு உடம்பில் ஏறும். இயற்கையாக நமக்கு வருடத்துக்குச் சராசரியாகக் கிடைப்பது 2.4. கல்லுக்கென்று குறைந்த கதிரில் எடுக்கும் முறையில் மூன்று மில்லிசீவர்ட் அளவில் முடித்துவிடலாம், கேட்டு வாங்க வேண்டும். ஒரு தடவைக்கு இது பயப்படும் விஷயமே இல்லை. நாற்பது வயதில் ஆரம்பித்து வருடா வருடம் என்றால்தான் யோசிக்க வேண்டும். ஸ்கேனில் கதிர்வீச்சே கிடையாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஸ்கேன் சின்னக் கல்லைக் கொஞ்சம் பெரிதாகக் காட்டும். போன வருட ஸ்கேனில் ஐந்து, இந்த வருட சி.டி.யில் நான்கு என்றால் கல் கரைந்துவிட்டது என்று வாழைத்தண்டுச் சாறுக்குப் பெருமை கொடுத்துவிடாதீர்கள். ஒரே வகைப் படத்தோடுதான் ஒப்பிட வேண்டும். பழைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

சில பேருக்கு என் சிபாரிசு செல்லாது. வலியோடு காய்ச்சலும் குளிரும் இருந்தால் எந்தப் படம் என்று யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும், அடைப்புக்குப் பின்னால் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. ஒரே சிறுநீரகம் உள்ளவர்கள், அறுபதைத் தாண்டி முதல் தடவையாக இப்படி வலி வருகிறவர்கள் சி.டி. என்று மருத்துவர் சொன்னால் தட்டக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் எங்கேயும் முதலில் ஸ்கேன்தான். உடம்பு மிகவும் பெருத்தவர்களுக்கு ஸ்கேன் அவ்வளவு தெளிவாக வராது என்று கேள்வி. நாங்கள் இரண்டு பேருமே ஒல்லி, அனுபவத்தில் சொல்ல ஏதுமில்லை. இரண்டு பேர் கதையை வைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

கல் வராமல் பார்த்துக்கொள்வது பற்றி மருத்துவர் மச்சானிடம் கேட்ட முதல் கேள்வி, "கடலில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒன்றுக்குப் போவீர்கள்?" யோசித்துவிட்டு "ரெண்டு" என்றார். எங்கள் பக்கம் எல்லோரும் கிணற்று உப்புத் தண்ணீரைத்தான் குறை சொல்வார்கள். உப்புக் கரிக்கிறது என்று குடிக்காமலே இருப்பதுதான் பெரிய தப்பு என்றார் மருத்துவர். நாளைக்கு இரண்டிலிருந்து இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும், அந்த அளவுக்குக் குடிக்க வேண்டும். வெயிலில் வலை இழுப்பவனுக்கு அது எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கருவாட்டைக் குறைக்கச் சொன்னார், பாலை நிறுத்தச் சொல்லவில்லை. எலுமிச்சைச் சாறு நல்லது, உப்புப் போடாமல்.

என் அடுத்த ஸ்கேன் ஏப்ரல் கடைசியில். மச்சானுக்கும் சேர்த்தே டோக்கன் போடப்போகிறேன், தடைக்காலத்தில் கடலைச் சாக்குச் சொல்ல முடியாது.