சீபாப் இயந்திரத்தோடு திருகோணமலைக்கு

தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் ஸ்லீப் அப்னியா இருப்பதாகக் கண்டறியப்பட்டு, மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் சீபாப் இயந்திரத்துக்கு இன்னும் முழுமையாகப் பழகாத நிலையில் ஊருக்குப் புறப்படுகிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். திருகோணமலைக்குப் பயணச்சீட்டு எடுத்ததும், கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் உறவினர் பலரும், "விடுமுறைக்குத்தானே போகிறீர்கள், அதையும் ஏன் காவிக்கொண்டு போக வேண்டும்?" என்று அன்போடு கேட்டார்கள். இயந்திரத்தைப் பலர் கைவிடுவது இப்படியான ஒரு விடுமுறையில்தான் என்று எனது சுவாச சிகிச்சையாளர் எச்சரித்திருந்தார். மாஸ்க் இல்லாமல் படுத்தால் முதல் சில இரவுகளிலேயே பழைய மூச்சுத் தடை திரும்பிவிடும்; அதைவிட முக்கியமாக, பாடுபட்டுப் பழகிய பழக்கமும் விட்டுப்போய்விடும்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு வழி ஒடுங்குகிறது அல்லது அடைபட்டுப் போகிறது. மூச்சு குறைந்தது 10 வினாடிகளுக்கு நின்றால் அதை ஒரு தடையாகக் கணக்கிடுவார்கள். இரத்தத்தில் ஒட்சிசன் குறைய, மூளை அரைகுறையாக விழித்து மீண்டும் மூச்சை இழுக்க வைக்கிறது. உறங்குகிறவருக்கு இது எதுவுமே நினைவில் இருப்பதில்லை. முற்றாக நிற்பதையும் பெருமளவு குறைவதையும் சேர்த்து மணிக்கு 5 தடவைக்குக் குறைவாக இருந்தால் சாதாரணம், 15 இலிருந்து 30 வரை நடுத்தரம், 30 ஐத் தாண்டினால் கடுமை. எனக்கு 38. சீபாப் இயந்திரம் அறைக் காற்றையே சிறிது அழுத்தத்துடன் செலுத்தி, அந்த வழி மூடிக்கொள்ளாமல் திறந்து வைத்திருக்கிறது. சிட்னியைச் சேர்ந்த கொலின் சலிவன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1981 இல் வெளியிட்ட முறை இது. ஒன்ராறியோவில் இந்த இயந்திரத்துக்கு அரசு நிர்ணயித்த விலையில் 75 சதவீதத்தை மாகாணத்தின் உதவிக் கருவித் திட்டம் கொடுத்துவிடுகிறது. இந்த உதவியின் பெறுமதி ஊருக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இயந்திரத்தை ஒருபோதும் பெரிய பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டாம். அது மருத்துவ உபகரணம் என்பதால் பல விமான சேவைகள் அதைக் கைப்பொதிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனாலும் விமானம் மாறும் இடத்தில் ஓர் அலுவலர் அதையும் நிறுத்துப் பார்க்கத்தான் வேண்டும் என்று நின்றார். மருத்துவரின் கடிதத்தை எடுத்துக் காட்டிய பிறகே விட்டார். லித்தியம் பற்றரி வைத்திருப்பவர்கள் அதைக் கையோடுதான் கொண்டுபோக வேண்டும். 100 வாட்-மணி (Wh) அளவுக்கு மேற்பட்டதாயின் விமான சேவையின் அனுமதியை முற்கூட்டியே பெற வேண்டும். காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டியை வெறுமையாக்கித் துடைத்துவிட்டுப் பையில் வையுங்கள். கட்டுநாயக்கவில் இறங்கிய உடனேயே இரவோடு இரவாக வான் பிடித்து ஊருக்கு ஓடும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. நான் பகலில் புறப்பட்டு, ஹபரணை, கந்தளாய் வழியாகப் பொழுது சாயும் நேரத்துக்கு வீடு சேர்ந்தேன். இரவுப் பயணத்தில் வாகனத்தில் சாய்ந்தபடி தூங்கினால் அந்த இரவு இயந்திரம் இல்லாத இரவாகிவிடும்.

சித்தியின் வீடு உவர்மலையில் இருக்கிறது. பழைய வீடு ஆகையால் சில அறைகளில் உருண்டைப் பின் ப்ளக்கும், பிறகு கட்டிய அறையில் சதுரப் பின் ப்ளக்கும் இருந்தன. இரண்டுக்கும் பொருந்தும் அடப்டர்களை மத்திய வீதியில் எளிதாக வாங்க முடிந்தது. இலங்கையில் மின்சாரம் 230 வோல்ட், கனடாவில் 120. சீபாப் இயந்திரங்களுடன் வரும் மின்பெட்டி பெரும்பாலும் 100 இலிருந்து 240 வோல்ட் வரை ஏற்கும் வகையில்தான் செய்யப்பட்டிருக்கும்; ஆயினும் அதன் அடியில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டே செருக வேண்டும். தனியாக வாங்கிய துணைக் கருவிகள் சில 120 வோல்ட்டுக்கு மட்டுமே உரியவை. அவற்றைக் கனடாவிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

முதல் இரவு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தபோது சித்தி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, ஒட்சிசன் வைக்கிற அளவுக்கு வருத்தமா? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே!" என்று கண் கலங்கிவிட்டார். கொவிட் காலத்தில் வைத்தியசாலைக் கட்டில்களில் அவர் கண்ட காட்சிகள் அப்படி. இது ஒட்சிசன் அல்ல, இந்த அறையில் உள்ள காற்றுத்தான் என்று விளக்கி, மாஸ்க்கைக் கழற்றி அவருடைய உள்ளங்கையில் காற்றுப் படும்படி பிடித்தேன். அதன் பிறகே அவருக்கு நிம்மதி வந்தது. வீட்டில் உள்ளவர்களுக்குப் பகல் வெளிச்சத்தில் இயந்திரத்தை ஒரு முறை இயக்கிக் காட்டிவிடுவது மிகவும் நல்லது. அவர்கள் பயப்படாமல் இருந்தால் நமக்கும் கூச்சம் குறையும்.

நான் போனது கச்சான் காற்று வீசும் ஆடி மாதம். பகலில் அனல், இரவிலும் வியர்வை. வியர்வைப் பசையில் மாஸ்க்கின் சிலிக்கன் விளிம்பு மெல்ல வழுக்கி, மூக்கின் மேற்பகுதியால் காற்றுக் கசிந்து கண்ணுக்குள் அடித்தது. பட்டியை இறுக்கினால் கசிவு நிற்கும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் இறுக்க இறுக்க விளிம்பு மடிந்து கசிவு கூடுகிறது, கன்னத்தில் தழும்பும் விழுகிறது. படுக்கப் போகும் முன் முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடைத்து, மாஸ்க்கின் விளிம்பையும் ஈரத் துணியால் துடைத்த பிறகு போட்டபோது, பட்டியைத் தளர்த்தியே வைக்க முடிந்தது. நுளம்பு வலைக்குள் படுப்பவர்கள், குழாயை வலையின் விளிம்புக்கு அடியால் தலைமாட்டுப் பக்கமாக உள்ளே எடுத்து, அந்த இடத்தில் வலையை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருக வேண்டும். இயந்திரம் வலைக்கு வெளியே, தரையில் அல்லாமல் ஒரு சிறிய மேசையில் இருக்கட்டும். ஒரு காலையில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சிற்றெறும்புகள் வரிசை கட்டி நின்றதைக் கண்டேன். அதன் பின் மேசைக் கால்களைத் தண்ணீர் ஊற்றிய சிரட்டைகளில் வைத்தோம். கடற்கரை மணலும் வீதிப் புழுதியும் சேர்ந்து காற்று வடிகட்டியை மிக விரைவில் சாம்பல் நிறமாக்கிவிடுகின்றன. மேலதிக வடிகட்டிகளைக் கொண்டுபோவது கட்டாயம்.

தண்ணீர் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். தொட்டிக்கு வடித்த நீர்தான் உகந்தது. எரிபொருள் நிலையத்தில் வாகனப் பற்றரிக்கென விற்கும் போத்தலை ஒருவர் எடுத்துத் தந்தார். அது மூச்சுடன் உள்ளே போகும் தேவைக்காகச் செய்யப்பட்டது அல்ல என்பதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு ஒரு பாமசியில் பணிபுரியும் பெண் பொறுமையாகக் கேட்டறிந்து, வடித்த நீரை வேறிடத்தில் சொல்லி எடுப்பித்துத் தந்தார். அது வந்து சேரும்வரை சுத்திகரிக்கப்பட்ட ஆர்.ஓ. குடிநீரைப் பயன்படுத்தினேன். கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஊற்றினால் என்ன என்று சித்தி கேட்டார். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆனால் நீரில் கரைந்திருக்கும் உப்புப் போகாது. அது தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். எந்த நீராயினும் காலையில் மிச்சத்தைக் கொட்டி, தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும்.

மின்வெட்டுத்தான் என்னுடைய பெரிய பயமாக இருந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் ஊர் பட்ட பாட்டை எவரும் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டதும் அண்மைக் கதைதான். நான் நின்ற காலத்தில் இரவில் நீண்ட வெட்டு வரவில்லை. ஆனால் நடு இரவில் திடீரென மின்சாரம் போய், காற்று நின்ற மாஸ்க்குடன் விழிப்பது நெஞ்சைப் பதற வைக்கும் அனுபவம். மூச்சுத் திணறிவிடாது. மூக்கு மாஸ்க் போடுகிறவர் வாயைத் திறந்து மூச்செடுக்கலாம், வாயையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கில் வெளிக்காற்றை உள்ளே விடும் சிறிய வால்வு இருக்கும். ஆயினும் அதற்கு மேல் நிம்மதியான உறக்கம் இல்லை.

இதற்கு வழி காட்டியவர் நகரில் வாகனப் பற்றரிக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி. "அக்கா, மெஷினை ஒருக்கால் கொண்டாங்கோ, என்ன இழுக்குது எண்டு பாத்திட்டுச் சொல்லுறன்" என்றார். மறுநாள் கடை மேசையில் இயந்திரத்தை இயக்கி, கம்பியில் மீற்றரைக் கொளுவிப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியின் சூடாக்கியையும் சூடாகும் குழாயையும் நிறுத்தியவுடன் மீற்றரில் காட்டிய எண் பாதிக்கும் கீழே இறங்கியது. மின்சாரத்தின் பெரும் பங்கைத் தின்பது அந்தச் சூடுதான், காற்றை ஊதும் மோட்டார் அல்ல. திருகோணமலையின் வெக்கையில் அந்தச் சூடு தேவையும் இல்லை. ஆகவே மலிவான இன்வேர்ட்டர் ஒன்றை என் தலையில் கட்டாமல், வீட்டு மின்சாரம் போலவே சீரான மின்சாரம், அதாவது சுத்த சைன் அலை, தரும் சிறிய இன்வேர்ட்டர் ஒன்றையும் இரவு முழுதும் தாங்கும் பற்றரி ஒன்றையும் அவரே தெரிவு செய்து, வீட்டுக்கு வந்து பொருத்தியும் தந்தார். வெளிநாட்டுக்காரர் என்று விலையைக் கூட்டவில்லை. இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த சேவைகளில் மிகச் சிறந்தது இதுவே என்பேன்.

இனி, என் மனத்தை அதிகம் வருத்திய விடயத்துக்கு வருகிறேன். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற சித்தப்பாவின் குறட்டை அடுத்த அறைச் சுவரைத் தாண்டிக் கேட்கும். குறட்டை நடுவில் அறுந்து, நீண்ட அமைதிக்குப் பின் ஒரு திணறலுடன் மீண்டும் தொடங்கும். பகலில் பத்திரிகையைக் கையில் வைத்தபடியே கதிரையில் உறங்கிவிடுவார். இரத்த அழுத்தத்துக்கு மூன்று வகை மாத்திரை போட்டும் அது இறங்கவில்லை. "எனக்கென்ன, நான் படுத்தால் விடியும்வரை நித்திரை" என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வற்புறுத்தி, தனியார் வைத்தியசாலை ஒன்றில் நெஞ்சுநோய் நிபுணரைச் சனல் செய்து (முன்பதிவு செய்து) கூட்டிக்கொண்டு போனேன். மருத்துவர் வேறு மாவட்டத்திலிருந்து வருகிறவர். தந்த நேரத்துக்குப் பிறகு நெடுநேரம் இலக்கத்துக்காகக் காத்திருந்தோம். ஆனால் உள்ளே போன பின் அவர் அவசரப்படவில்லை. குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதைக் கண்டவர் உண்டா, இரத்த அழுத்தம், உடல் எடை, வயது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அளவு நாடாவால் கழுத்தை அளந்தார். 40 சென்றிமீற்றரைத் தாண்டிய கழுத்து ஓர் அபாய அறிகுறி என்று விளக்கி, கொழும்பில் ஓர் இரவுப் பரிசோதனை செய்யும்படி கடிதம் தந்தார். மாதாந்தம் போகும் அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கிலும் அதைக் காட்டச் சொன்னார்.

கொழும்பு வெள்ளவத்தையில் உறவினர் வீட்டிலேயே அந்தப் பரிசோதனை நடந்தது. விரலில் ஒட்சிசன் மானி, நெஞ்சில் பட்டி, மூக்கில் மெல்லிய குழாய்; அவ்வளவுதான். முடிவு, என்னுடையதைவிடக் கடுமை. இயந்திரத்தின் முழு விலையையும் குடும்பமே கட்ட வேண்டியிருந்தது. நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பணம் போட்டோம். அப்படிப் போட ஆளில்லாத வீடுகள் அதே ஒழுங்கையில் எத்தனையோ உண்டு. விலையைக் கூட எப்படியோ சமாளிக்கலாம். வாங்கிய பின் மாஸ்க்கைப் பொருத்திப் பார்த்து, அழுத்தத்தைச் சரிசெய்து, முதல் வாரங்களில் தட்டிக்கொடுத்து நடத்த ஒருவரை ஊருக்குள் நாங்கள் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடையில் நிமிர்ந்து இருந்தபடி பார்த்து எடுத்த மாஸ்க், படுத்ததும் கசிந்தது. மாஸ்க்கைப் படுத்த நிலையில், காற்று ஓடும்போதே சரிசெய்ய வேண்டும் என்பதை எனக்கு ஸ்காபரோவில் ஒருவர் கட்டிலருகில் நின்று சொல்லித் தந்திருந்தார். அதை நான் சித்தப்பாவுக்குச் செய்து காட்டினேன். மாலையில் தொலைக்காட்சி பார்க்கும்போது மாஸ்க்கைச் சிறிது நேரம் போட்டிருந்து பழகச் சொன்னேன். அழுத்தம் மெல்ல மெல்ல ஏறும்படி இயந்திரத்தில் வசதி உண்டு, அதையும் போட்டுவிட்டோம். வயிற்றுக்குள் காற்றுப் போய் ஊதுகிறது என்று முறையிட்டார். அதற்கு மருத்துவருடன் தொலைபேசியில் பேசி அழுத்தத்தைக் குறைத்தோம். இப்போது இரவின் பெரும்பகுதி போடுகிறார். விடியும்வரை என்று இன்னும் சொல்ல முடியாது. எங்கள் மாவட்டத்தில் கிளினிக்குக்குப் போகும் நோயாளிகளுக்கு மாஸ்க் பொருத்தப் பயிற்சி பெற்ற ஒரு தாதி இருந்தாலே எத்தனையோ இயந்திரங்கள் அலுமாரிக்குள் போகாமல் தப்பும் என்று உறுதியாக நம்புகிறேன்.

வெளிநாட்டிலிருந்து பழைய இயந்திரம் அனுப்ப நினைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தனது பல இயந்திரங்களைத் திரும்ப அழைத்தது. உள்ளே ஒலியைக் குறைக்க வைத்த நுரைப் பஞ்சு சிதைந்து மூச்சுடன் போகக்கூடும் என்பதே காரணம். ஓசோன் கொண்டு சுத்தம் செய்வது அச்சிதைவைக் கூட்டும் என்றும், கடும் வெப்பமும் ஈரப்பதமும் அதற்குத் துணைபோகலாம் என்றும் அந்த அறிவிப்பிலேயே சொல்லப்பட்டிருந்தது. திருகோணமலையில் வெப்பத்துக்கோ ஈரத்துக்கோ பஞ்சமில்லை. ஆகவே எந்தப் பழைய இயந்திரத்தையும் அதன் தொடர் இலக்கத்தைச் சரிபார்க்காமல் பெட்டியில் போடாதீர்கள். அங்கே பெறுகிறவருக்குப் பரிசோதனை செய்து ஒரு மருத்துவர் எழுதிய அழுத்த அளவு இருக்க வேண்டும். உங்களுக்கு வைத்த அளவு அவருக்கு உதவாது. வடிகட்டிகளையும் சேர்த்து அனுப்புங்கள். மாஸ்க்கை மட்டும் எப்போதும் புதிதாக, முடிந்தால் இரண்டு அளவுகளில் வாங்கி அனுப்புங்கள்.