கெட்டிஸ்பர்க்: நேரே ஏறுவதா, சுற்றிப் போவதா?

மஸ்கெலியாப் பக்கம் கொழுந்து மூட்டையோடு மேடேறிய எவருக்கும் இந்தக் கேள்வி உடனே புரியும். 1863 ஜூலை 3, அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் களம். மேட்டில் தளபதி ஜார்ஜ் மீடின் வடக்குப் படை. எதிரே தெற்குத் தளபதி ராபர்ட் லீ.

லீயின் வழி, நடுவில் நேராகத் தாக்குவது. முதலில் சுமார் 150 பீரங்கிகள் முழங்கின. பல குண்டுகள் எதிரியைத் தாண்டி விழுந்தன. அப்புறம் ஏறத்தாழ 12,500 பேர் முக்கால் மைல் வெட்டவெளியில் நடந்தார்கள். நம் மலைகளைப் போலச் செங்குத்தில்லை, மெல்லிய சரிவுதான். ஆனால் ஒதுங்க ஒரு தேயிலைச் செடியளவு மறைவும் இல்லை. வழியில் வேலி வேறு. அதில் ஏறும்போதே பலர் சுடப்பட்டார்கள். போனவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் செத்தார்கள், காயப்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள். நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

லீயின் கீழிருந்த தளபதி லாங்ஸ்ட்ரீட்டின் வழி, எதிரியின் இடப்பக்கம் சுற்றிப் போய் நல்ல இடம் பிடித்து, அவர்களைத் தாக்க வரவைப்பது. இதிலும் சிக்கல் உண்டு. படை களைத்திருந்தது, மீடும் சும்மா இருந்திருக்க மாட்டார்.

சரி, எது மேல்? என் கணக்கில் லாங்ஸ்ட்ரீட் சொன்னதுதான். அது வென்றிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நடக்கப்போகிறவனின் கால்களை அவர் எண்ணிப் பார்த்தார். லீ சொன்னபடி தாக்கக் கட்டளையிடும் நேரத்தில் அவருக்குப் பேச்சு வரவில்லை, தலையை மட்டும் அசைத்தார். திரும்பி வந்தவர்களிடம் லீ, தவறு தன்னுடையது என்றார். மறுநாள் கொட்டும் மழையில் காயப்பட்டவர்களின் வண்டிகள் தெற்கே திரும்பின.