பழைய காரைத் தாழ்த்த எந்த வழி?

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று பார்ப்பவர்கள்தான் அதிகம். கார் இறங்கிய பிறகு பள்ளத்தில் விழுந்தால் சக்கரம் மேலே போக இடம் மிச்சமிருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

காசு அதிகம் ஆகாத வழி, காயில் ஸ்பிரிங்கை வெட்டுவது. எல்லோரும் இதைத் திட்டுவார்கள்; முழுக்க நியாயமில்லை. எட்டுச் சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு சுமார் 14 சதவீதம் கூடும். இடம் குறைந்த சஸ்பென்ஷனுக்கு அந்த விறைப்பு கொஞ்சம் தேவையும்கூட. ஆனால் முனையைத் தட்டையாகத் தேய்த்திருந்தாலோ, முனைச் சுற்று குறுகியிருந்தாலோ வெட்டக்கூடாது. ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காராது. கேஸ் டார்ச்சால் சூடாக்கி அமுக்குவது வேண்டவே வேண்டாம். எஃகின் பதம் போய், நாளாக நாளாக ஒரு பக்கம் சாயும். இதற்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங் கிடைத்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

முன்பக்கம் இரட்டை விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடிக்கும் இரண்டு ஆர்ம்) உள்ள கார் என்றால் என் ஓட்டு டிராப் ஸ்பிண்டிலுக்கு. சக்கரம் மாட்டும் அச்சை மேலே தள்ளி வைத்துச் செய்த பாகம் இது. ஸ்பிரிங்கும் ஆர்மும் பழைய கோணத்திலேயே இருக்க, கார் மட்டும் இறங்கும். ஆர்ம் ஏறி இறங்கும் தூரம் குறையாது. சில கார்களில் ரிம் உரசும், அதைப் பார்த்து வாங்க வேண்டும். பழைய ஸ்பிண்டிலை வெட்டி வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் என்றால் போட்டி பிளாக்குக்கும் வளைவைக் குறைப்பதற்கும். பட்டை ஆக்சிலுக்குக் கீழே உள்ள காரில், இரண்டுக்கும் நடுவே பிளாக் வைத்து நீள யூ போல்ட் போடுவது சீக்கிரம் முடிகிற வேலை, கழற்றினால் கார் பழையபடி நிற்கும். ஆனால் பிளாக் உயர உயர, ஆக்சிலின் முறுக்கு பட்டையை எஸ் மாதிரி நெளிக்கும். வேகமாகக் கிளப்பும்போது பின்சக்கரம் துள்ளும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பிளாக் அடுக்கவே கூடாது. நிரந்தரமாக இறக்குவதென்றால், பட்டையின் வளைவைக் குறைப்பதே மேல். பட்டை நிமிர்ந்தால் நீளும் என்பதால், அதன் ஒரு முனையைத் தாங்கி ஆடும் ஷேக்கிளின் கோணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் தனி ரகம். அதில் ஸ்பிரிங்காக வேலை செய்வது முறுகும் கம்பியான டார்ஷன் பார். பின்பக்க டார்ஷன் பாருக்கு உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44. உள்ளே ஒரு பல் 9 டிகிரி, வெளியே ஒரு பல் எட்டு டிகிரிக்குக் கொஞ்சம் மேல். இரண்டையும் எதிரெதிராக ஒரு பல் நகர்த்தினால் வித்தியாசம் ஒரு டிகிரிகூட வராது. புதுப் பாகம் எதுவும் இல்லாமலே அவ்வளவு நுணுக்கமாக இறக்கலாம்.

ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை வைக்கும் ஏர் சஸ்பென்ஷன்? கண்காட்சியில் நிறுத்த அழகுதான். கம்ப்ரசர், டேங்க், குழாய் என்று பழைய பாடியில் ஓட்டை போட எனக்கு மனசு வராது.

எந்த வழியானாலும், காரை ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தை ஜாக்கால் முட்டும்வரை தூக்குங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். டயர் எங்கே இடிக்கிறது, ஷாக் அப்சார்பர் அதற்கு முன்பே தட்டுகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.