ஓ.ஆர்.எஸ். பொடியா, மாத்திரையா, பாட்டிலா? கடற்கரையில் உடம்பு தேற்றுபவருக்கு எது உதவும்?

வெளிநாட்டில் வயிறு கெட்டு இரண்டு மூன்று நாள் அறையிலேயே கிடந்தவர், மீதி நாட்களை ஊர் சுற்றாமல் சந்தடியில்லாத ஒரு கடற்கரையில் கழிக்க நினைப்பது சரியான யோசனைதான். ஆனால் கடற்கரையும் உடம்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் இடம். வியர்ப்பதே தெரியாமல் காற்று உலர்த்திவிடும். நிழலில் சாய்ந்து கிடந்துவிட்டு எழுந்தால் தலை சுற்றும்போதுதான் உடம்பு வறண்டிருப்பது புரியும். அதனால் பையில் துண்டுக்கு முன்பே போக வேண்டியது ஓ.ஆர்.எஸ்., அதாவது பேதியில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டக் குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்.

மருந்துக் கடையில் இது மூன்று வடிவில் கிடைக்கிறது. தண்ணீரில் கலக்கும் பொடி, போட்டதும் நுரைக்கும் மாத்திரை, கலந்தே வரும் பானம். எங்கள் ஓட்டு பொடிக்கு. ஆனால் அதையும் தப்பாகக் கலந்து கெடுப்பவர்கள் ஏராளம்.

முதலில் அளவுகோல். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் இன்று பரிந்துரைக்கும் கலவையில் 1 லிட்டர் தண்ணீருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். இதில் சர்க்கரை ருசிக்காகச் சேர்ப்பதல்ல. சிறுகுடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாக உள்ளே இழுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. பெரும்பாலான வயிற்றுப்போக்கில் அது பழுதாவதில்லை. அந்த ஜோடி உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். வெறும் தண்ணீரில் உப்பு இல்லை, இனிப்புக் குளிர்பானத்தில் சர்க்கரை மிதமிஞ்சி இருக்கிறது. இரண்டுமே இந்த வேலையைச் செய்யாது.

பழைய கலவையின் செறிவு லிட்டருக்கு 311 மில்லி ஆஸ்மோல் (கரைந்திருக்கும் துகள்களின் அளவைச் சொல்லும் அலகு). 2002 வாக்கில் அதை 245 ஆகக் குறைத்தார்கள். குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில் புதிய கலவை மலத்தின் அளவைச் சுமார் 20 சதவீதமும் வாந்தியைச் சுமார் 30 சதவீதமும் குறைத்தது. எனவே பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும்போது 245 என்ற எண்ணும், சோடியம் 75 மில்லிமோல் என்ற எண்ணும் கண்ணில் பட்டால் வாங்கலாம்.

இனி பொடி. எடை குறைவு, விமானத்தில் தொல்லையில்லை, அலுமினிய உறையில் வருடக்கணக்கில் கெடாது. 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இதற்கு முன்னோடியான ஒரு கலவையை டிரம்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே எடுத்துக் கொடுக்கச் சொன்னார். 30 சதவீதத்தை ஒட்டி இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. கலப்பதற்கு நிபுணர் தேவையில்லை. தண்ணீரின் அளவு மட்டும் தவறக் கூடாது.

அந்த ஒன்றில்தான் பயணிகள் கோட்டை விடுகிறார்கள். பாக்கெட் 1 லிட்டருக்கு என்று இருக்கும், அறையில் இருக்கும் பாட்டில் 500 மி.லி. முழுப் பொடியையும் அதில் கொட்டினால் செறிவு 490 ஆகிவிடும். ரத்தத்தின் செறிவே 300-க்குள்தான். குடலுக்குள் போன கரைசல் உடம்புக்குத் தண்ணீர் தருவதற்குப் பதிலாக உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கும். பேதி கூடும், குமட்டும். குழந்தைகளுக்கு ரத்தத்தில் சோடியம் ஏறி ஆபத்தாகும். 750 மி.லி. பாட்டிலில் கலந்தாலும் 327. கைவிடப்பட்ட பழைய கலவையைவிட அதிகம். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. சில நாடுகளில் பாக்கெட் 200 மி.லி.க்கானது, உள்ளே 4 கிராம் சொச்சம்தான் இருக்கும். அதை லிட்டர் பாட்டிலில் போட்டுவிட்டு "குடித்தும் தெம்பு வரவில்லையே" என்பார்கள். எப்படி வரும்? அது ஏறக்குறைய வெறும் தண்ணீர்.

கலக்கும் முறை இதுதான்: சீல் வைத்த 1 லிட்டர் பாட்டிலை வாங்குங்கள். ஒரு சுத்தமான டம்ளரில் கொஞ்சம் ஊற்றி வைத்துக்கொண்டு, பொடியை முழுவதுமாகப் பாட்டிலில் கொட்டி, மூடிக் குலுக்குங்கள். கரைந்ததும் டம்ளர் தண்ணீரைத் திரும்ப ஊற்றிவிடுங்கள். டம்ளரில் எடுக்காமல் நேரடியாகக் கொட்டினால் பாட்டிலின் வாயில் பொங்கி வழியும். வழிந்ததில் எவ்வளவு உப்பு போனது என்று யாருக்கும் தெரியாது. குழாய்த் தண்ணீர்தான் கதி என்றால் முதலில் கொதிக்க வைத்து ஆற்றுங்கள், பிறகு கலக்குங்கள். கலந்த பின் கொதிக்க வைக்கக் கூடாது. ஜூஸ், சோடா, கூடுதல் சர்க்கரை எதுவும் சேர்க்கக் கூடாது. பாதிப் பொடியைக் கண்மதிப்பில் போட்டு மீதியை மடித்து வைக்கும் வேலையும் வேண்டாம். கடற்காற்றின் ஈரம் பட்டால் ஒரே இரவில் கட்டியாகிவிடும். பழுப்பேறிய பொடி குப்பைக்கு. கலந்ததை ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் வைக்கலாம். மணலுக்கு எடுத்துப் போவதானால் வெயில் படாத ஃபிளாஸ்க்கில் ஒரு வேளைக்கானது மட்டும் போதும்.

ருசியைப் பற்றிப் புகார் நிறைய. கண்ணீர் மாதிரி உப்புக் கரிக்கும், உண்மைதான். குளிர வைத்தால் பாதிக் குறை தீரும். ஆரஞ்சு மணம் சேர்த்தவையும் உண்டு. எண்கள் சரியாக இருந்தால் அவற்றில் தப்பில்லை. இன்னொன்று: பொடியைப் பெயரில்லாத பிளாஸ்டிக் உறைக்கு மாற்றாதீர்கள். சுங்கச் சோதனையில் வெள்ளைப் பொடிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பது உடம்பு முடியாதவருக்கு ஏற்ற காரியமல்ல.

நுரைக்கும் மாத்திரையில் இரண்டு ஜாதி உண்டு. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், குழாயும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்று உண்மையான ஓ.ஆர்.எஸ்.; இத்தனை மாத்திரைக்கு 200 மி.லி. என்று மேலேயே அச்சிட்டிருக்கும். மற்றது உடற்பயிற்சி செய்பவர்களுக்கானது. அதில் சோடியம் குறைவு, பலவற்றில் குளுக்கோஸுக்குப் பதிலாகச் செயற்கை இனிப்பு. மேலே சொன்ன ஜோடி இழுப்பு அதில் நடக்காது. சிலவற்றில் சார்பிடால் என்ற இனிப்பூட்டி வேறு இருக்கும். தளர்ந்த வயிற்றை அது இன்னும் தளர்த்தும். சரியான வகை கிடைத்தால் மாத்திரை ரொம்ப வசதி, ஒரு டம்ளருக்கு மட்டும் கலக்கலாம். நுரை முழுக்க அடங்கிய பிறகு குடியுங்கள், வாயு வயிற்றை உப்ப வைக்கும். குழாயின் மூடிக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகளைப் பிடுங்கி எறிய வேண்டாம்.

கலந்தே வரும் பானம் முதல் நாளுக்கு நல்லது. கை நடுங்குகிறது, தண்ணீரின் மேல் நம்பிக்கையில்லை என்ற நிலையில் இதைவிடச் சுலபம் எதுவுமில்லை. கனம் ஒரு குறை. பெரிய குறை, ஓ.ஆர்.எஸ். போலவே தோன்றும் வேறு பானங்கள். லேபிளில் 100 மி.லி.க்கு சோடியம் 170 மில்லிகிராமை ஒட்டியும் சர்க்கரை 1.35 கிராமை ஒட்டியும் இருக்கிறதா பாருங்கள். விளையாட்டு வீரர்களுக்கான பானங்களில் சர்க்கரை 6 கிராம் வரை போகும், சோடியமோ இதில் மூன்றில் ஒரு பங்கு தேறினாலே அதிகம். கடற்கரையில் விற்கும் இளநீரிலும் பொட்டாசியம் ஏராளம், சோடியம் சொற்பம். ருசிக்குக் குடிக்கலாம், மாற்றாகாது.

குடிக்கும் அளவு: பெரியவர்கள் ஒவ்வொரு முறை பேதியான பின்பும் 200 முதல் 400 மி.லி.; 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200; அதற்கும் சிறியவர்களுக்கு 50 முதல் 100. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். மடக்கென்று குடித்தால் மறுபடி வெளியே வரும். பேதியை இது நிறுத்தாது, இழந்ததைத் திருப்பித் தரும், அவ்வளவே. நிறுத்த லோபரமைடு எடுப்பவர்கள், காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் அதைத் தொடக் கூடாது. சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் இந்த உப்புக் கரைசலையே மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும்.

கடற்கரையில் இது எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? பேதி நின்று சிறுநீர் வெளிர் மஞ்சளுக்குத் திரும்பியிருந்தால், காலையிலும் மாலையிலும் நிழலில் இரண்டு மணி நேரம் சாய்ந்திருக்கத் தாராளமாகப் போதும். பகல் வெயிலுக்கு ஈடுகட்ட எந்தப் பாக்கெட்டாலும் முடியாது. டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் எடுப்பவர்களுக்குத் தோல் வழக்கத்தைவிட வேகமாகக் கருகும். மணலிலிருந்து எதிரொளிக்கும் வெயிலுக்குக் குடையும் தடையல்ல. பேதி இருக்கும்வரை நீச்சல் கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் கிருமி என்று தெரிந்திருந்தால், நின்ற பிறகும் இரண்டு வாரம் தண்ணீரில் இறங்கக் கூடாது.

ஓ.ஆர்.எஸ்.ஸை நம்பி அறையில் இருந்துவிடக் கூடாத சமயங்களும் உண்டு. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, குடிப்பதெல்லாம் வாந்தியாகிறது, மலத்தில் ரத்தம், பிதற்றல் என்றால் உடனே மருத்துவமனை. மலேரியா உள்ள பகுதியில் காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான் தொடங்கும். "ஜுரம் விட்டுவிட்டது, கடற்கரைக்குப் போகலாம்" என்று கிளம்பும் அதே நாளில் கடும் வயிற்றுவலியோ ஈறில் ரத்தமோ தெரிந்தால் பயணத்தை ரத்து செய்யுங்கள். டெங்கு சந்தேகம் இருக்கும்வரை வலிக்கு ஐபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் வேண்டாம், பாராசிட்டமால் போதும்.

ஒருவருக்கு லிட்டர் பாக்கெட் ஆறு வாங்கினால் மூன்று நாளைக்கு வரும், பொடியின் மொத்த எடை 125 கிராம்கூட இல்லை. திரும்பும் விமானத்துக்காகக் கைப்பையில் 200 மி.லி. பாக்கெட் இரண்டு தனியாக இருக்கட்டும். கலந்த பாட்டிலைப் பாதுகாப்புச் சோதனையில் பல விமான நிலையங்களில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சோதனையைத் தாண்டிய பிறகு தண்ணீர் வாங்கி, அங்கேயே அளந்து கலந்துகொள்ளலாம்.